வெள்ளிக்கிழமை மாலை வந்த 22 விதிகள்: நிருபருக்கு நிபுணரைப் பரிந்துரைக்கக் கற்றுக்கொண்ட கதை

2025 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. டெல்லியில் இருட்டும் பனியும் சேர்ந்து இறங்குகிற நேரத்தில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகளை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது முதல் ஏறத்தாழ 17 மாதங்களாக எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த ஆவணம் அது. 22 விதிகள், 7 அட்டவணைகள். அந்த அமைச்சகத்துச் செய்திகளை எழுதும் நிருபர்கள் அன்றிரவே அதைப் படித்து, புரிந்துகொண்டு, யாரிடமாவது கருத்துக் கேட்டு, செய்தியைத் திருத்தி அச்சுக்குத் தயார்செய்யும் டெஸ்க்குக்கு அனுப்பியாக வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் சிறியது. சட்டமும் தொழில்நுட்பமும் சந்திக்கும் இடங்களை ஆராயும் ஒன்பது பேரில், ஊடகங்களோடு பேசும் பொறுப்பு என்னுடையது. அன்று மாலை நான் ஒரே ஒரு நிருபருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். ஏழு நிமிடத்தில் அவர் அழைத்தார். எங்கள் ஆய்வாளரோடு பத்து நிமிடம் பேசினார். மறுநாள் காலை ஓர் ஆங்கில நாளிதழின் செய்தியில், குழந்தைகளின் கணக்குகள் பற்றிய பத்தி முழுவதும் அந்த உரையாடலிலிருந்து எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு செய்தியை எழுதும் பக்குவம் எனக்கு வருவதற்கு முன் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். சிறிய அமைப்புகளில் இதே வேலையைச் செய்யும் தமிழ் இளைஞர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் தவறு 2023 ஆகஸ்டில் நடந்தது. அந்த வாரத்தின் வேகத்தைச் சொன்னால்தான் தவறின் அளவு புரியும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் ஒரு வரைவைத் தந்தது. 2019இல் மசோதா வந்தது. கூட்டு நாடாளுமன்றக் குழு இரண்டு ஆண்டுகள் அதை ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் முற்றிலும் வேறொரு வரைவு வந்தது. ஆறு ஆண்டுகள் இப்படி நடந்த விஷயம், 2023 ஆகஸ்ட் 3 அன்று மக்களவையில் அறிமுகமாகி, 7 அன்று அங்கே நிறைவேறி, 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி, 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. ஒன்பது நாட்களில் எல்லாம் முடிந்தது.

அறிமுகமான நாளன்று நான் நாற்பது நிருபர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். "தரவுப் பாதுகாப்பு மசோதா குறித்துக் கருத்துச் சொல்ல எங்கள் நிபுணர்கள் ஐவர் தயாராக இருக்கிறார்கள்" என்பது அதன் சாரம். ஐவரின் படிப்பு, பதவி, எழுதிய கட்டுரைகள், பேசிய மாநாடுகள் எல்லாவற்றையும் இரண்டிரண்டு பக்கங்களாக இணைத்திருந்தேன். அதைத் தயாரிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து, மூத்த நிருபர் ஒருவர் மட்டும் நான் கேட்டதற்காக மனம் திறந்து பதில் அனுப்பினார். "உங்கள் ஐவரும் யார் என்று தெரிந்துகொண்டேன். பிரிவு 17 பற்றி அவர்களில் ஒருவராவது என்ன நினைக்கிறார் என்பது தெரியவில்லை. அன்று எனக்கு அதுதான் தேவைப்பட்டது" என்று எழுதியிருந்தார்.

பிரிவு 17, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்களிக்க இடம் தருகிற பிரிவு. எங்கள் ஐவரில் இருவர் அதைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவர்கள். அந்த யோசனையில் ஒரு வரிகூட என் மின்னஞ்சலில் இல்லை. நிபுணரின் தகுதியைச் சொன்னால் போதும், அவர் என்ன சொல்வார் என்பதை நிருபர் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று நினைத்திருந்தேன். நிருபரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அறியாததால் வந்த நினைப்பு அது.

பிறகு அந்த மூத்த நிருபரிடமே அனுமதி கேட்டு, அவருடைய வேலை நாள் ஒன்று எப்படி இருக்கும் என்று விரிவாகக் கேட்டறிந்தேன். அமைச்சகத்தின் அறிவிப்புகள் பெரும்பாலும் மாலையில் வரும். நாடாளுமன்றம் நடக்கும் நாட்களில் கேள்விகளுக்கான எழுத்துப்பூர்வ பதில்கள் மதியத்துக்கு மேல் கிடைக்கும். நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, தொழில்துறைக் கூட்டமைப்பின் ஒரு கூட்டம், அரசிதழில் ஓர் அறிவிக்கை என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து விழலாம். ஆவணம் கையில் கிடைத்து, செய்தியை டெஸ்க்குக்கு அனுப்பும்வரை அவரிடம் இருப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் அரசின் தரப்பு அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அது செய்திக்குறிப்பிலேயே இருக்கிறது. நிறுவனங்களின் தரப்பும் கிடைத்துவிடுகிறது. பெரிய சட்ட நிறுவனங்களும் தொழில்துறைச் சங்கங்களும் ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்பிவிடுகின்றன. யாருடைய தரவு சேகரிக்கப்படுகிறதோ அந்த மனிதரின் பக்கத்திலிருந்து ஆவணத்தைப் படித்தவர்தான் கிடைப்பதில்லை. டெஸ்க்கிலிருந்து "இதனால் சாதாரண ஆளுக்கு என்ன?" என்று கேட்கும்போது அவருக்குக் கையில் பதில் வேண்டும்.

இதைக் கேட்ட பிறகு நான் என் வேலையை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். 30 வழக்கறிஞர்கள் உள்ள நிறுவனத்தோடு எல்லா விதிகளிலும் போட்டி போட எங்களால் முடியாது. ஆகவே ஆவணம் வரும் நாளில் எங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டோம். ஒருவருக்குக் குழந்தைகள், ஒருவருக்கு அரசின் மானியங்களும் சேவைகளும், ஒருவருக்குத் தரவுக் கசிவு பற்றிய அறிவிப்பு, ஒருவருக்கு அரசு தகவல் கேட்டுப் பெறும் அதிகாரம். வரைவு விதிகள் வந்த அன்று, குழந்தைகள் பகுதியை வைத்திருந்தவர் விதி 10ஐ நாற்பது நிமிடத்தில் மூன்று முறை படித்துவிட்டார்.

நான் அனுப்பிய செய்தியைத் தமிழில் அப்படியே தருகிறேன்:

"வரைவு விதி 10, குழந்தைகளின் கணக்குக்குப் பெற்றோர் ஒப்புதல். எங்கள் ஆய்வாளர் படித்து முடித்துவிட்டார். அவர் கவனித்தது: விதியில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும், பயனர் குழந்தை என்பதைக் குழந்தையோ பெற்றோரோ தாமாகச் சொன்ன பிறகே சரிபார்ப்பு தொடங்குகிறது. வயதைக் கூட்டிச் சொல்லும் குழந்தையைப் பற்றி விதி பேசவில்லை. மறுபக்கம்: எல்லோருடைய வயதையும் சரிபார்க்கச் சொன்னால் பெரியவர்களும் அடையாள ஆவணம் தர வேண்டிவரும் என்பதால் அரசு இதைத் தவிர்த்திருக்கலாம், அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். இரவு 9.30 வரை இந்த எண்ணில் கிடைப்பார். பெயரும் பதவியும் போடலாம். எந்த நிறுவனத்துக்கும் ஆலோசகர் அல்ல."

இதில் ஆய்வாளரின் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை நிருபர் பேசும்போது கேட்டுக்கொண்டார். அரை நிமிடத்தில் முடிந்தது. விதியின் எண் முதலில் இருக்கிறது, ஏனென்றால் நிருபர் அந்த நேரத்தில் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். எண்ணைக் கண்டதும் அந்தப் பக்கத்துக்குப் போய், நாங்கள் சொல்வது சரிதானா என்று அவரே பார்த்துவிடலாம். பார்த்துச் சரி என்று கண்ட பிறகுதான் அழைத்தார் என்று பின்னர் என்னிடம் சொன்னார். மறுபக்கத்தை நாங்களே எழுதியிருந்தது அவருக்கு மிகவும் பயன்பட்டதாம். எதிர்வாதத்தைத் தேடி அவர் இன்னொருவரை அழைக்க வேண்டியிருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிட்டதால் அந்த அழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கடைசி வரி, "எந்த நிறுவனத்துக்கும் ஆலோசகர் அல்ல" என்பது, எனக்கு விலை கொடுத்துக் கிடைத்த வரி. அதைச் சொல்லாமல் விட முடியாது.

2024இல், இந்தச் சட்டத்தில் வரும் ஒப்புதல் மேலாளர் என்ற புதிய அமைப்பைப் பற்றி ஒரு நிருபர் எழுதிக்கொண்டிருந்தார். நாம் பல நிறுவனங்களுக்குத் தரும் ஒப்புதல்களை ஒரே இடத்தில் பார்க்கவும் திரும்பப் பெறவும் உதவ வேண்டிய இடைநிலை அமைப்பு அது. அதைப் பற்றித் தெளிவாகப் பேசும் வெளி நிபுணர் ஒருவரை நான் பரிந்துரைத்தேன். அவர் எங்கள் கருத்தரங்கு ஒன்றில் பேசியவர். நல்ல விஷயஞானம் உள்ளவர். பதிவு நிபந்தனைகள் தளர்வாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது பெயரோடு அச்சானது. இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர் நாளிதழுக்கு எழுதினார்: அந்த நிபுணர், அதே தொழிலில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் பெறும் ஆலோசகர் என்று. நாளிதழ் செய்தியின் கீழே ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தது. நிருபர் என்னை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு இது தெரியுமா?" தெரியாது என்பதுதான் உண்மை. நான் அவரிடம் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். அந்த நிருபர் என்னோடு மறுபடி பேச எட்டு மாதம் ஆயிற்று. அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது; அவர் பெயரில் வந்த செய்தியின் அடியில் என் கவனக்குறைவு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

அன்று முதல் யாரைப் பரிந்துரைப்பதற்கு முன்பும் நான் நேரில் அல்லது தொலைபேசியில் சில கேள்விகள் கேட்கிறேன். இந்தத் துறையில் எந்த நிறுவனத்திடமாவது கடந்த மூன்று ஆண்டுகளில் கட்டணமோ பங்கோ பெற்றிருக்கிறீர்களா, அரசுக் குழு எதிலாவது இருக்கிறீர்களா, இது தொடர்பான வழக்கு எதிலாவது வாதியாகவோ வழக்கறிஞராகவோ இருக்கிறீர்களா, உங்கள் வீட்டாருக்கு இதில் ஏதும் தொடர்பு உண்டா. பதில் எதுவாக இருந்தாலும் நிருபரிடம் சொல்லிவிடுகிறேன். தொடர்பு இருப்பதால் ஒருவர் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. வழக்கில் வாதாடியவருக்கு அந்தச் சட்டம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் தொடர்பு வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை நிருபருடையது. எங்கள் நிறுவனத்துக்கு நிதி தருபவர்களின் பட்டியலையும் கேட்காமலே அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது.

நிபுணரைத் தயார்செய்வது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எங்களோடு இணைந்து பணியாற்றும் சட்டப் பேராசிரியர் ஒருவர், எந்தக் கேள்விக்கும் "அது பல காரணிகளைப் பொறுத்தது" என்று தொடங்குவார். அது நேர்மையான தொடக்கம்தான். வகுப்பறையில் அதுதான் முறையும்கூட. இரண்டு மணி நேரத்தில் செய்தியை முடிக்க வேண்டியவரிடம் அது எடுபடாது. நான் அவரை அழைத்து, நிருபரைப் போலக் கேள்வி கேட்டேன். அரசு மானியத்துக்காக நம் தரவைக் கையாளும் வரைவு விதி 5 பற்றி அவர் நான்கு நிமிடம் பேசினார். நான் குறுக்கிடாமல் குறித்துக்கொண்டேன். பிறகு, "சார், இதில் எந்த ஒரு வாக்கியத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முன்னால் நின்று தயங்காமல் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "மானியம் வாங்க வருபவரால் ஒப்புதல் தர மறுக்க முடியாது என்பதால், ஒப்புதலைவிட அரசுக்கு விதிக்கப்படும் வரம்புதான் அவரைக் காக்கும், அந்த வரம்பு இரண்டாம் அட்டவணையில் பொதுவான சொற்களில்தான் இருக்கிறது" என்றார். அவர் சொன்ன அந்த வாக்கியம்தான் மறுநாள் அச்சிலும் வந்தது. அந்தச் சொற்கள் அவருடையவை. நான் ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிபுணரின் மேற்கோளை நாமே எழுதி, அவரிடம் சரி வாங்கி, நிருபருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. வழவழப்பாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல வரும் மேற்கோள்களை நிருபர்கள் இப்போது சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எதிர்முனையில் உண்மையில் ஓர் ஆள் இருக்கிறாரா என்றே சிலர் கேட்கிறார்கள். தொலைபேசியில் கிடைக்காத நிபுணரை நான் பரிந்துரைப்பதில்லை. ஊரில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்குத்தான் பேசுவார் என்றால் அவர் பெயரை அன்று எடுப்பதே இல்லை. செய்திகளில் பெண் நிபுணர்களின் பெயர் குறைவாக வருவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்: மாலை 6 மணிக்கு மேல் வீட்டில் குழந்தையையும் சமையலையும் பார்த்துக்கொண்டிருப்பவரைத் திடீரென்று அழைத்து, அவர் எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆணின் எண்ணுக்குப் போய்விடுகிறோம். அதனால் மசோதாவோ விதியோ வரும் என்று தெரிகிற வாரங்களில், எங்கள் பெண் ஆய்வாளர்களிடம் எந்த மாலைகளில் எத்தனை மணிக்கு அவர்களால் பேச முடியும் என்று முன்பே கேட்டு, அந்த நேரத்தை நிருபரிடம் சொல்லிவிடுகிறேன். நிருபர் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறார். எங்கள் அனுபவத்தில் ஒருவர்கூட மறுத்ததில்லை.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகவும் நெருக்கமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

வரைவு விதிகள் மீது கருத்துச் சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரையும், பிறகு மார்ச் 5 வரையும் காலம் தரப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு நிருபர், பெற்றோர் ஒப்புதல் என்பது பெருநகரங்களுக்கு வெளியே எப்படி நடக்கும் என்று ஒரு விரிவான கட்டுரை எழுத விரும்பினார். பெற்றோரின் அடையாளத்தையும் வயதையும் சரிபார்க்க, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரங்களையோ, டிஜிலாக்கர் போன்ற ஆவணச் சேமிப்புச் சேவை வழியாகக் கிடைக்கும், அடையாளத்தோடும் வயதோடும் இணைக்கப்பட்ட மெய்நிகர் டோக்கன் என்ற மின்னணுக் குறியீட்டையோ பயன்படுத்தலாம் என்று வரைவு சொல்லியிருந்தது. நிருபர் என்னிடம் ஒரு சமூகவியல் பேராசிரியரைக் கேட்டார். எனக்கோ எங்கள் ஊர்ப் பக்கம், திண்டுக்கல் மாவட்டத்தில் இ-சேவை மையம் நடத்தும் ஓர் அக்காவின் நினைவு வந்தது. பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மாவின் ஓய்வூதியச் சான்று வேலையாக அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்தது இது. ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளியில் கேட்ட ஏதோ ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓடிபி குழந்தையின் அப்பாவின் எண்ணுக்குப் போகும். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. அக்கா அந்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்துப் பார்த்தார். பிறகு கணினித் திரையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். பாட்டி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார். பேத்தி பாட்டியின் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனில் இருந்த கணக்கு யாருடைய பெயரில் இருந்தது என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் போட்டுக்கொடுத்தது என்றார் பாட்டி. உணவு இடைவேளையில் அப்பா எடுத்தார். ஆனால் அதற்குள் ஓடிபி காலாவதியாகியிருந்தது. மறுபடி முதலிலிருந்து.

"போன் யாரு கையில இருக்கோ, அவங்கதான் கம்ப்யூட்டருக்கு அப்பா அம்மா" என்றார் அக்கா. பேராசிரியர்கள் பலர் பக்கக்கணக்கில் எழுதியும் எனக்கு விளங்காத ஒன்று அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. விதி எழுதியவர்களின் மனத்தில், பெற்றோரும் குழந்தையும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு போனோடு இருக்கிறார்கள். இந்த மையத்துக்கு வரும் வீடுகளில் பெற்றோர் வேறு ஊரில், குழந்தை பாட்டியிடம், போன் ஒன்று, கணக்கு மூன்றாமவர் பெயரில்.

நிருபரிடம் பேராசிரியரின் எண்ணையும் கொடுத்தேன். இந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, அக்காவிடம் முதலில் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிருபரிடம், "அவர் சம்மதித்தால்தான் எண் தருவேன்" என்று கூறிவிட்டு ஊருக்கு அழைத்தேன். எங்கள் பேராசிரியருக்குப் பத்திரிகையில் பெயர் வந்தால் பெருமை. அரசு உரிமத்தில் மையம் நடத்துபவருக்கு அப்படி இல்லை. மேலிடத்திலிருந்து யாராவது "ஏன் பேசினாய்" என்று கேட்டால் அவருடைய பிழைப்பே பாதிக்கப்படலாம். பெயர் போட்டுப் பேசுவது, பெயர் போடாமல் ஊரைக் குறிப்பிட்டுப் பேசுவது, எதையும் குறிப்பிடாமல் பின்னணித் தகவலாக மட்டும் சொல்வது ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். பேசி முடித்த பிறகு "வேண்டாம்" என்று சொன்னால் நிருபர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, எனவே முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள், மாவட்டத்தின் பெயர் வரலாம், ஊரும் தன் பெயரும் வரக் கூடாது, வாடிக்கையாளர்கள் யாரையும் அடையாளம் காட்டும்படி எதுவும் வரக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார். கடைசி நிபந்தனை எனக்குத் தோன்றாமல் போனது. தரவுப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

மொழியில் ஒரு சிக்கல் வந்தது. நிருபருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு ஆங்கிலமோ இந்தியோ பேச வராது. நானே மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் விதி 10 பற்றி எங்கள் நிறுவனத்துக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது; அதன் ஊழியரான நான் நடுவில் உட்கார்ந்து சொற்களை மாற்றித் தந்தால், அக்கா சொன்னது எது, நாங்கள் சொல்ல விரும்பியது எது என்று நிருபருக்கு எப்படித் தெரியும்? அவசரத்துக்கு நான் மொழிபெயர்த்தேன். அக்காவின் அனுமதியோடு உரையாடலை ஒலிப்பதிவு செய்து முழுவதையும் நிருபருக்கு அனுப்பினேன். அவருடைய நாளிதழின் சென்னை அலுவலகத்தில் ஒருவர் அதைக் கேட்டு, இரண்டு இடங்களில் என் மொழிபெயர்ப்பைத் திருத்தினார். "பயப்படுகிறார்கள்" என்று நான் சொன்ன இடத்தில் அக்கா சொன்னது "சங்கடப்படுறாங்க" என்பது. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. கேட்டவுடன் எனக்கே வெட்கமாக இருந்தது. என் நிறுவனத்தின் நிலைப்பாட்டுக்கு "பயம்" வசதியான சொல், அதனால்தான் அது என் வாயில் முதலில் வந்திருக்க வேண்டும்.

மார்ச் மாதத்திலும் அதன் பிறகும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய விவாதம் சூடானது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3), தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பெரும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழி, திருத்தத்தில் நீக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் 8(2) பிரிவில் பொதுநலனுக்கான வழி தொடர்ந்து இருப்பதால் பாதிப்பில்லை என்பது அரசின் வாதம். எங்கள் நிறுவனம் திருத்தத்தை எதிர்த்தது. நானும் எதிர்க்கிறேன். ரேஷன் பட்டியலிலும் வேலை உறுதித் திட்ட வருகைப் பதிவேட்டிலும் உள்ள பெயர்களைப் பார்த்துத்தான் கிராமத்து மக்கள் மோசடிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நிருபர்களும் பாதிக்கப்படுபவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் இதழியல் பணிக்கு இருந்த விலக்கு, 2023 சட்டத்தில் இல்லை. ஆகவே எங்கள் பக்கத்து வாதத்தை அவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் சிலர் கருதினார்கள். நேர்மாறாக நடந்தது. நல்ல நிருபர், தனக்கு லாபமான வாதத்தைத்தான் கூடுதலாகச் சோதிக்கிறார். ஒருவர் என்னிடம் நேரடியாகவே, "8(2) போதும் என்று உண்மையாக நம்புகிற, அரசில் இல்லாத ஒரு வழக்கறிஞர் வேண்டும்" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். அவர் எங்கள் கருத்தை இரண்டு கூட்டங்களில் எதிர்த்துப் பேசியவர். எண்ணைக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டபோது எதிர்ப்பு வந்தது. எதிர்த்தரப்புக்கு நாமே ஆள் பிடித்துத் தருவதா என்று ஒருவர் வருத்தப்பட்டார். நான் கொடுத்தேன். கட்டுரையில் அந்த வழக்கறிஞரின் வாதம் வலுவாக வந்தது, எங்கள் ஆய்வாளரின் பதிலும் அதே அளவு வலுவாக வந்தது. அதற்குப் பிறகு அந்த நிருபர், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத செய்திகளுக்கும், "இதற்கு யாரிடம் பேசலாம்?" என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். முக அடையாளத் தொழில்நுட்பம், அலைக்கற்றை, அரசுத் துறைகளின் மென்பொருள் கொள்முதல் என்று எதைக் கேட்டாலும், தெரிந்தவரைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன்.

சிறு சிறு விஷயங்கள் சில. மாலை 6 முதல் 8 வரை நிருபரைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், தேவையானால் அவரே அழைப்பார். அச்சாகும் முன் செய்தியைக் காட்டச் சொல்லாதீர்கள். மேற்கோளில் வரும் பிரிவு எண்ணையோ தொகையையோ சரிபார்க்கத் தயார் என்று மட்டும் சொல்லுங்கள். செய்தியில் பிழை இருந்தால், தலைப்பில் உள்ள பிழைக்கு நிருபரைக் குறை சொல்லாதீர்கள். தலைப்பைப் பெரும்பாலும் டெஸ்க்தான் போடுகிறது. உங்கள் நிபுணரின் பேச்சு செய்தியில் வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். தொலைக்காட்சி விவாதத்துக்கு எட்டுப் பேரில் ஒருவராக அழைத்தால், அங்கே எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும் என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விதி 10ஐ ஒன்றரை நிமிடத்தில், அதுவும் குறுக்கீடுகளுக்கு நடுவில், யாராலும் விளக்க முடியாது. நாங்கள் பெரும்பாலும் மறுத்துவிடுகிறோம்.

2025 நவம்பரில் இறுதி விதிகள் அறிவிக்கப்பட்டன. தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு உடனே நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மீதான கடமைகள் பலவற்றுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்த வாரம் அம்மாவிடம் பேசும்போது, இ-சேவை மையத்து அக்கா என்னை விசாரித்ததாகச் சொன்னார். அழைத்தேன். டெல்லியிலிருந்து அந்த நிருபர் மறுபடி பேசினாராம். இந்த முறை சென்னை அலுவலகத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் லைனில் இருந்தாராம். அதே மூன்று நிபந்தனைகளை அக்கா சொன்னாராம், அவர்களும் ஒப்புக்கொண்டார்களாம். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டுரை வந்தபோது அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. நான் அதை வெட்டி அம்மாவுக்கு அனுப்பி, மையத்தில் கொடுக்கச் சொன்னேன்.

18 மாதம் முடிவது 2027 மே மாதத்தில். அதற்குள் எந்தெந்த விதிக்கு யார் பேசுவார்கள் என்ற என் பட்டியலில் இப்போது 31 பேர் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக அவர்களுடைய பாதுகாவலர் ஒப்புதல் தருவது பற்றிய விதிக்கு நேராக, பெயர் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த விதியால் தம் வாழ்க்கையில் பாதிக்கப்படக்கூடிய ஒருவரே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்த மாதம் மதுரையில் இருவரைச் சந்திக்கப் போகிறேன்.